பூங்கொடி கை கொடுத்தாளா?

எங்கள் எஸ்டேட்டில் இப்போது மெஷின் வைத்துத் தேயிலைக் கொழுந்து வெட்டுகிறார்கள். அந்த மெஷினோடு மலையேறி இறங்கும் மலர்விழி போன வாரம் என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் பாட்டு எழுத ஆசை. இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமனார், மெஷின் சத்தத்தில் எந்நேரமும் இரைகிற காது. இத்தனைக்கும் நடுவில் பாட்டு.

"பெரியம்மா, மூணு புள்ளைகளையும் வச்சுக்கிட்டு, கொழுந்தும் எடுத்துக்கிட்டு, நீங்க எப்படிக் கதை எழுதுனீங்க? ஒங்களுக்கு மட்டும் நேரம் எங்க கெடச்சுது?" என்று கேட்டாள். ரேஷன் கடையில் சீனி வந்திருக்கிறதா என்று விசாரிக்கிற மாதிரி கேட்டாள். எங்கேயோ கிடைக்கிறது, இவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை என்று நினைப்பு.

அன்றைக்குக் கூட்டமாக ஆள் இருந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். என் மூன்று கதைப் புத்தகங்களைப் படித்துவிட்டு, நான் ஏதோ விடியற்காலையில் எழுந்து சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதியவள் என்று நினைக்கிறவர்களும் இதைப் படித்துக்கொள்ளலாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாவுக்கு முதுகு போனது, அவள் பேர் இருந்த இடத்தில் நான் வேலைக்கு ஏறினேன். எட்டாம் வகுப்புவரை படித்த பிள்ளை என்று லயத்தில் எனக்குப் பெருமை உண்டு. லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். படித்த பெருமையெல்லாம் முதல் மழைக்காலத்திலேயே கரைந்துவிட்டது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்த்துக் கிள்ளப் பழகுவதற்குள் விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்தது. இடுப்பில் சாக்கு, தலையில் கம்பளி, முதுகில் கூடை, காலில் அட்டை. கல்யாணம், அடுத்தடுத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கூடையோடேயே நடந்து முடிந்தன.

எனக்குக் கதை சொல்ல வரும் என்பது சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். எழுத வேண்டும் என்ற ஆசையும் தீயாக இருந்தது. ஆனால் எப்போது? காலையில் பெரட்டுக்குப் போக வேண்டும். எல்லோரையும் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டுக்கு என்று பிரித்து விடுவதுதான் பெரட்டு. சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்தால் விறகு, தண்ணீர், அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை துணி, ரேஷன், பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்பது. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், பேக்டரியில் வேலை. "எழுதேன், யாரு வேண்டாம்னா?" என்பார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, உண்மைதான். தாளை எடுத்து வைத்தால் ஒன்று தூக்கம் வரும், இல்லாவிட்டால் விளக்கில் எண்ணெய் தீரும். அப்போது லயத்துக்குக் கரண்டு கிடையாது. ரேஷனில் கொடுக்கிற மண்ணெண்ணெயைச் சோறு உண்டு முடிக்கிற வரைக்கும்தான் எரிப்போம்.

இப்போது கங்காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் என்று பெயர் மாறியிருந்தாலும் எங்களுக்கு அவர் கங்காணிதான். மாடசாமி கங்காணி கத்தி நான் கேட்டதே இல்லை. கையில் ஒரு நீளக் குடை. அதை நிழல் மரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் 'நிமிர்ந்து பார்' என்று அர்த்தம். இரண்டு தட்டினால் 'முற்றின இலை வருகிறது' என்று அர்த்தம். கூடையைச் சோதிக்கிற விதமே தனி. மேலாக இருக்கிற கொழுந்தைத் தொடமாட்டார். எவளும் மேலே நல்லதைத்தானே வைப்பாள்? கையை முழங்கைவரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒன்றை உருவுவார். காம்பை இரண்டு விரலால் மடிப்பார். 'டக்'கென்று ஒடிந்தால் பேசாமல் போய்விடுவார். ஒடியாமல் நாரோடு தொங்கினால், அந்தத் தொங்குகிற காம்பை நம் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டிவிட்டுக் கூடையிலேயே திரும்பப் போடுவார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அதற்கு நாலு திட்டுத் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

கனகு அந்தக் காலத்தில்தான் கல்யாணமாகி மலைக்கு வந்தாள். போடிமெட்டு வழியாகப் பஸ்ஸில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய பெண். மாமியார் பெயர் சொர்ணம். எங்கள் டிவிஷனிலேயே கை வேகமானவள், வாய் அதைவிட வேகமானவள். வீட்டில் கனகு வாயைத் திறக்க வழியே இல்லை. தேயிலைக் காட்டில் ஆளுக்கு ஒரு வரிசை கொடுப்பார்கள், அதை நிரை என்போம். கனகுக்குக் கொடுத்த நிரை எனக்கு அடுத்தது. ஒரு நாள் மழையில் பார்த்தால், இந்தப் பெண் கிள்ளவும் இல்லை, நகரவும் இல்லை, குமுறிக் குமுறி அழுதுகொண்டு நிற்கிறாள். கங்காணி மேலே நிற்கிறார். எனக்குப் பதறிப்போனது. சமாதானம் சொல்ல எனக்கு வராது. வாய்க்கு வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஒரு ஊர்ல பூங்கொடின்னு ஒருத்தி. அவள மலைக்குக் கட்டிக் குடுத்தாங்க. மாமியாக்காரி உப்பக்கூட எண்ணித்தான் போடுவா..."

கனகு மூக்கை உறிஞ்சினாள். கை தானாகக் கொழுந்துக்குப் போனது. இரண்டு செடி தாண்டியதும், "அப்புறம் என்னாச்சுக்கா?" என்றாள்.

மலர், இந்த 'அப்புறம்' இருக்கிறதே, அதுவரைக்கும் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கொழுந்து எடுக்கிற வேலை கைக்குத்தான், வாய் சும்மாதானே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் வீட்டுக்குள் தேடிய நேரம் காட்டுக்குள் கிடந்திருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் பூங்கொடி கதைதான். ஆனால் மலைச்சரிவில் என் குரல் இரண்டு மூன்று நிரைக்குமேல் கேட்காது. காற்று இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் கனகு தன் வலப்பக்கத்து நிரைக்குத் திருப்பிச் சொல்வாள். அவர்கள் அதற்கடுத்த நிரைக்குச் சொல்வார்கள். நான் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துக் கடைசி நிரையில் சிரிப்புக் கேட்கும். அந்தச் சிரிப்பு வந்து சேருகிறவரைக்கும் காத்திருந்து அடுத்ததைச் சொல்வேன். காத்திருக்கிற நேரத்தில் அடுத்து என்ன என்று யோசித்துக்கொள்வேன். எனக்கு அது பெரிய வசதி. கங்காணி ஒன்றும் சொல்லவில்லை. கதை நடக்கிற நிரைக்குக் கீழேயே குடையை ஊன்றி நிற்பார், அவ்வளவுதான்.

கடைசி நிரையில் சிரிப்பு நாளுக்கு நாள் அதிகமானது. நான் சிரிப்பில்லாத இடத்தைச் சொன்னாலும் அங்கே சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கத்துப் பேச்சி வந்து என் தோளைத் தட்டி, "யக்கா, அந்த மாமியாக்காரி மண்ணெண்ணெ டின்னுக்குப் பூட்டுப் போட்டு, சாவிய இடுப்புல கட்டிக்கிட்டுத் தூங்குதாளே, எப்படிக்கா ஒனக்கு இப்படியெல்லாம் தோணுது?" என்றாள்.

எனக்கு அப்படியெல்லாம் தோன்றவே இல்லை. என் கதையில் உப்பு உண்டு, மண்ணெண்ணெய் கிடையாது. திரும்பிப் பார்த்தேன். கனகு தூக்குச்சட்டிக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்துகொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. என் கதையில் கை வைக்க இவள் யார்? பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.  "நான் வேணும்னு செய்யலக்கா. திருப்பிச் சொல்லும்போது தானா வருது. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாவுது" என்றாள். அவள் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. எனக்கும் அதே வியாதிதானே. "சரி, பாத்துச் சொல்லு" என்று மட்டும் சொன்னேன்.

பார்த்துச் சொல்ல வருமா? மூன்றாம் நாளே விஷயம் வெடித்தது. கதையில் அன்றைக்கு ஓடையில் வெள்ளம். மாமியார் பூங்கொடியை விரட்டிக்கொண்டு வந்தவள் கரையில் சறுக்கி, ஒரு வேரைப் பிடித்துத் தொங்குகிறாள். பூங்கொடி கரையில் நிற்கிறாள். கை கொடுப்பாளா, மாட்டாளா? அந்த இடத்தில் நிறுவைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லா டிவிஷன் கூட்டமும் சேரும். சொர்ணத்துக்கு அந்த வாரங்களில் மேல்காட்டில் வேலை. கதை அவள் காதுக்குப் போகவில்லை. கூடையோடு வந்து நின்றவளிடம் யாரோ ஒருத்தி, "என்ன சித்தி, மண்ணெண்ணெ சாவி பத்திரமா இருக்கா?" என்று கேட்டுவிட, கடைசி நிரைக்காரிகள் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். சொர்ணத்துக்கு விவரம் தெரிய அதிக நேரம் ஆகவில்லை.

"செல்லம்மா, இங்க வாட்டி" என்று என்னைக் கூப்பிட்டாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "என் வீட்டுக்குள்ள என்ன நடக்குன்னு ஊர்க்காரிகளுக்கு நீதான் சொல்லுதியாமே?"

"ஐயோ, அது வெறும் கதை சித்தி."

"வெறும் கதைக்குள்ள என் சாவி எப்படிட்டி வந்துச்சு?"

பதில் எனக்குத் தெரியும். இரண்டு கூடைக்குப் பின்னால் கனகு நின்றுகொண்டிருந்தாள்.  ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தப்பித்துக்கொள்வேன், என் கதையும் தப்பிக்கும். ஆனால் மறுநாள் அந்த டிரங்குப் பெட்டி போடி பஸ்ஸில் ஏறும். அம்மாவை எதிர்த்துப் பேசுகிற தைரியம் அவள் புருஷனுக்குக் கிடையாது. தாய்வீட்டிலும் அவளுக்கு இருந்தது ஒரு குடிகார அண்ணன் மட்டும்தான்.

"நான்தான் சித்தி சொன்னேன். வாய் தவறி வந்துருச்சு. மன்னிச்சுக்கிடுங்க" என்றேன்.

சொர்ணம் என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்கு மேலாக எதையோ பார்த்தாள். கூடையைத் தராசில் மாட்டினாள். அந்த நேரம் பார்த்து பைக்கில் வந்த பீல்டு ஆபீசர், "கங்காணி, எந்தா இவிடெ? நாடகமோ?" என்றார் மலையாளத்தில். என்ன இங்கே, நாடகமா என்று அர்த்தம். அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கங்காணிக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் பெரட்டில் கங்காணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இன்னையிலிருந்து நிரையில கதை கெடையாது."

நான் இந்த வேலையில் மழை பார்த்திருக்கிறேன், அட்டை பார்த்திருக்கிறேன், நிறைமாதத்தோடு மேடு ஏறியிருக்கிறேன். அந்த வாரங்களைப் போல எதுவும் கனத்ததில்லை. கை தன் போக்கில் கிள்ளியது. பூங்கொடி தலைக்குள்ளேயே கரையில் நின்றுகொண்டிருந்தாள். கனகு என் பக்கம் திரும்பவே பயந்தாள். குழாயடியில், ரேஷன் கடையில் பெண்கள் என்னை ஓரமாக இழுத்து, "கை குடுத்தாளா இல்லையா, அதை மட்டும் சொல்லிரு" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். யாரும் நம்பவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியாது. சரி, தாளில் எழுதிப் பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அதட்டி வெளியே தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். நேரம் இருந்தது. ஒரு வரிகூட வரவில்லை. எதிரே அரிசிச் சாக்கு இருந்தது, அது 'அப்புறம்?' என்று கேட்கவில்லை. வாழ்க்கையில் நமக்குக் கிடைத்த ஒன்றே ஒன்றும் போய்விட்டது என்று அன்றைக்கு அழுதேன்.

கங்காணியும் பழையபடி இல்லை. கூடைக்குள் கையை விடுவார், காம்பை ஒடிப்பார், போகமாட்டார். ஒரு நாள் குடையைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஓடையில வெள்ளம் வடிஞ்சிருக்குமே இந்நேரம்" என்றார்.

"நீங்கதான கதை கூடாதுன்னீங்க அண்ணாச்சி."

"கதை கூடாதுன்னுதான் சொன்னேன். வெள்ளத்தைப் பத்திக் கேட்டா என்ன?" என்றார் ரோஷத்தோடு.

அதற்கடுத்த வாரம் பெரட்டு முடிந்து நிரை பிரிக்கும்போது, சொர்ணம் நேராக வந்து எனக்கு இடப்பக்கத்து நிரையில் நின்றாள். வலப்பக்கம் கனகு. நடுவில் நான்.   சொர்ணம் கொழுந்து எடுத்தால் மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் மட்டும்தான். பாதி மேடு ஏறியதும் கேட்டாள்.

"ஏட்டி, அந்த மாமியாக்காரி வேரப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குதாளாமே. இன்னும் எத்தன நாளைக்குத் தொங்குவா?"

"கதை முடிஞ்சிருச்சு சித்தி."

"எப்படி முடியும்? இப்படியே விட்டா அவ கெட்டவளாவே செத்துல்லா போவா." சொர்ணத்தின் கை நிற்கவில்லை. "பூட்டு போட்டு வச்சிருக்கான்னு சொல்லத் தெரிஞ்சவளுகளுக்கு, ஏன் பூட்டுனான்னு கேக்கத் தெரியலயே."

அப்போதுதான் சொன்னாள். அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது இதே லயத்தில்தான். அன்றைக்கு வீட்டில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லை. மருத்துவச்சி இருட்டில் தடவித் தடவிப் பார்த்தாள். பக்கத்து வீடுகளிலும் தீர்ந்துபோயிருந்தது. யாரோ எங்கிருந்தோ விளக்கைக் கொண்டுவந்தபோது பிள்ளை நீலம் பாய்ந்து கிடந்தது. "தொப்புள்கொடி கழுத்தச் சுத்தியிருந்துச்சு. வெளிச்சம் இருந்திருந்தா பாத்திருப்பா. அதுலருந்து என் வீட்டு டின்னு காலியானதில்ல. காலியாக விடவும் மாட்டேன். இவளுக்கும் நாளைக்குப் பிள்ள பெறக்கும்லா?" என்றாள்.

'இவளுக்கும்' என்று சொல்லும்போது என்னைத் தாண்டி வலப்பக்கம் பார்த்தாள். அன்று தராசடியில் என் தோளுக்கு மேலாகப் பார்த்த அதே பார்வை.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும் சித்தி?" என்று கேட்டேன்.

"என் வீட்டு டின்ன, என் வீட்டுக்குள்ள இருக்குறவளத் தவிர யாரு பாத்தா? அன்னைக்கே தெரியும். நீ பொய் சொன்னதும் தெரியும்." ஒரு செடியைக் கிள்ளி முடித்துவிட்டுச் சொன்னாள்: "மூணு மாசமா வீட்டுல ஊமையாட்டம் கெடந்தா. சிரிக்கிற மாதிரி அவளுக்குப் பேச வருங்குறதே கதையிலதான் தெரிஞ்சுது. சொல்லுட்டி. அப்புறம்?"

கனகு அழுதுகொண்டிருந்தாள்.  மேலே பார்த்தேன். கங்காணி குடையை விரித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். மழை இல்லை. நான் ஆரம்பித்தேன்.

பூங்கொடி கரையில் நிற்கிறாள். தொங்குகிற மாமியார் 'என்னைத் தூக்கு' என்று கேட்கவில்லை. இடுப்பிலிருந்த சாவியை ஒரு கையால் அவிழ்த்துக் கரைக்கு எறிகிறாள். 'நான் போனாலும் போறேன், வீடு இருட்டாக் கெடக்கக் கூடாது' என்கிறாள். பூங்கொடி சாவியை எடுக்கவில்லை. குனிந்து கையைக் கொடுத்தாள். கொடுத்தாள் என்று சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

கனகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வலப்பக்கம் திருப்பிச் சொன்னாள். அது நிரை நிரையாகப் போனது.  கடைசி நிரையில் திடீரென்று ஒரே சிரிப்பு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சாப்பாட்டு நேரத்தில் பேச்சியிடம் கேட்டேன். மாமியாரைக் கரையேற்றிய கையோடு பூங்கொடி, 'இனிமே உப்ப எண்ணிப் போட்டா மறுபடியும் தள்ளிவிட்ருவேன்' என்று சொன்னாளாம். நான் சொல்லாத வரி. சொர்ணம் அதைக் கேட்டுச் சிரித்துப் புரையேறி, கனகுதான் தலையில் தட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கனகு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பாட்டில் நிறைய மண்ணெண்ணெய்.

"அத்தை குடுத்து விட்டாங்கக்கா. வாயில சொல்லுறது காத்தோட போயிருமாம், எழுதி வைக்கணுமாம். மாசாமாசம் ஒரு பாட்டில் தருவாங்களாம். நாளைக்குப் புள்ளைகள எங்க வீட்டுக்கு அனுப்பிருங்க, சோறும் அங்கதான்."

"டின்னத் தெறந்தாளா ஒங்க அத்தை?"

கனகு சேலைக் கொசுவத்தை லேசாக விலக்கிக் காட்டினாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தை எழுதினேன். திங்கட்கிழமை நிரையில் அதைத்தான் சொன்னேன். கடைசி நிரையில் கூட்டிச் சொன்னதில் நன்றாக இருந்ததை அடுத்த ஞாயிறு சேர்த்துக்கொண்டேன். என் முதல் புத்தகம் அப்படித்தான் உருவானது. அதில் உப்பு வரி கனகுடையது. கனகின் மூத்த மகன் நல்ல விளக்கு வெளிச்சத்தில் பிறந்தான்.

மலர், இப்போது நம் லயத்தில் கரண்டு இருக்கிறது, அதனால் உனக்கு நான் பாட்டில் கொண்டுவரத் தேவையில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை என் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடு. சோறு இங்கேதான். மாமனாரைக் கனகு வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள், நான் கேட்டாயிற்று. சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிட வரும்போது பாட்டைக் கொண்டுவா. இரண்டு வரிதான் வந்தது என்றாலும் பரவாயில்லை, பாடிக் காட்டு. நானும் கனகும் வாசலில் உட்கார்ந்திருப்போம். பாடி முடித்ததும் 'அப்புறம்?' என்று கேட்போம்.